கடன் பேரேட்டில் எழுதாத கணக்கு
நம் பகுதிப் பெண்களின் உடல்நலம் கடந்து வந்த பாதை



"அக்கா, கூட்டமைப்புல நீங்கதான் மூத்த உறுப்பினர். மலருக்கு நம்ம வரலாற எழுதிக் குடுங்க" என்று செயலாளர் கேட்டார். நான் படித்தது எட்டாம் வகுப்பு. தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகிய கை என்பதால் சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பரணில் இருந்த இரும்புப் பெட்டியை இறக்கி, 1999-ல் எங்கள் குழு தொடங்கியபோது எழுதிய பேரேடுகளைப் புரட்டினேன்.

கடன் பேரேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆடு வாங்க, கறவை மாடு வாங்க, விதை வெங்காயம் வாங்க, பிள்ளை படிப்புக்கு, காதுகுத்துக்கு என்று வரிசையாக இருந்தது. ஆடு மாட்டுக்கு அடுத்தபடியாக அடிக்கடி வந்த சொல் 'மருத்துவம்'. ஒவ்வொன்றாக விரலை வைத்து, இது யாருக்கு, எதுக்கு என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் கால் முறிவு, மாமனாருக்குக் கண், பிள்ளைக்குக் காய்ச்சல். பெண்கள் தங்கள் உடம்புக்காக வாங்கிய கடன் குறைவு. அப்படி வாங்கியதும் பெரும்பாலும் ஒரே காரணத்துக்குத்தான்: கர்ப்பப்பை ஆபரேஷன். அதாவது, முற்றிப்போய் படுக்கையில் விழுந்த பிறகு.

நோய் வருவதற்கு முன்னால் பார்த்துக்கொண்டதற்கு அந்தப் பேரேட்டில் ஒரு வரி கூட இல்லை. அதற்குக் கடன் தேவைப்படாது. ஆனால் எழுதாத அந்தக் கணக்குதான் நம்மில் பலபேரை இன்றைக்கு உயிரோடு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பாட்டி காலம்

என் அப்பத்தா பெற்றது ஒன்பது. தங்கினது நாலு. எல்லாப் பிரசவமும் வீட்டில்தான். மருத்துவச்சிக் கிழவி வருவார். தொப்புள்கொடியை வீட்டில் இருக்கிற அரிவாளால் அறுத்து, மேலே சாம்பலை வைப்பார். ஏழாம் நாள், எட்டாம் நாள் குழந்தைக்கு வாய் இறுகி, வெட்டி வெட்டி இழுத்து, போய்விடும். 'சீர் தட்டிருச்சு', 'பேய் அறைஞ்சிருச்சு' என்பார்கள். அது டெட்டனஸ் என்கிற கிருமி நோய். துருவும் மண்ணும் படிந்த அரிவாள் வழியாக வந்தது. கர்ப்பிணிக்கு ஊசி போட்டு, சுத்தமான பிளேடால் அறுத்திருந்தால் வந்திருக்காது. என் அப்பத்தாவுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

அந்தக் காலத்தில் ஆண் டாக்டரிடம் பெண்கள் உடம்பைக் காட்ட மாட்டார்கள், வீட்டு ஆண்களும் விடமாட்டார்கள். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள், பிரசவத்தில் தவித்த தங்கள் மனைவிக்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணைத் தேடி வந்தார்கள். அவர் அப்பா டாக்டர். "அப்பாவை அழைத்துப் போங்கள், எனக்கு வைத்தியம் தெரியாது" என்றார் ஐடா. ஆம்பிளை டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த ஒரு இரவு அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1900-ல் வேலூரில் சின்னதாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னையில் மருத்துவப் படிப்பை முடித்தார். தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துக்கத்தை மனதில் வைத்திருந்து, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை உருவாக வழி செய்தார். கர்ப்பிணிகளுக்கான அரசு உதவித்தொகைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நாம் 'முத்துலட்சுமி பணம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த முத்துலட்சுமி யார் என்று நம் மகள்களுக்கும் சொல்ல வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். டாக்டர் சௌந்தரம் அம்மாள் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண் மூலையில் உட்கார வேண்டும் என்பதுதான் வழக்கம். அவர் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். பிறகு வசதியான குடும்பத்தையும் நகரத்தையும் விட்டு நெசவாளர்கள் வாழும் சின்னாளபட்டிக்கு வந்து வைத்தியம் பார்த்தார். 1947-ல் காந்திகிராமம் உருவானது. கஸ்தூர்பா மருத்துவமனை வளர்ந்தது. கிராமத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணிக்கு அனுப்பினார்கள். என் அம்மாவின் கடைசிப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. "வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு வந்து, என்னை 'அம்மா'ன்னு கூப்பிட்டு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நர்சம்மா வந்த காலம்

1980-களில் கிராம சுகாதார செவிலியர்கள் ஊர் ஊராக வரத் தொடங்கினார்கள். நமக்கு அவர் 'நர்சம்மா'. முதலில் அவர் வந்தால் பெண்கள் கொல்லைப்புறம் வழியாக ஓடிவிடுவோம். குடும்பக்கட்டுப்பாட்டுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று பயம். அவர் சலிக்காமல் வந்தார். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, குழந்தைக்குச் சொட்டு மருந்து, சிவப்பு நிறச் சத்து மாத்திரை.

அந்த மாத்திரையைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் பிள்ளைக்கு மாசமாக இருந்தபோது கொடுத்த மாத்திரையை எல்லாம் நான் முருங்கை மரத்தடியில் போட்டேன். 'அதைத் தின்னா பிள்ளை பெருசாகி வயித்தக் கிழிக்கணும்', 'பிள்ளை கருப்பாப் பொறக்கும்' என்று சொன்னார்கள். வெளிக்குப் போவது கருப்பாக வரும், அது மட்டும்தான் நிஜம். அது இரும்புச் சத்தால் வருவது, பயப்பட ஒன்றும் இல்லை. பிரசவத்தில் எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். என் அண்ணன்தான் கொடுத்தான். ரத்தம் குறைவாக உள்ள உடம்பு, கொஞ்சம் போனாலே தாங்காது என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் முருங்கை மரத்தடி ஞாபகம் வந்து அழுதேன்.

இதைப் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைப்பு, மூச்சு வாங்குதல், படியேறினால் படபடப்பு, இதை எல்லாம் 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம்.

என் பெரியம்மா

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெரியம்மா மகளிடம் கேட்டேன். "எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

என் பெரியம்மா பத்து ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்ப்பார். தீட்டு நின்று ஐந்து வருடம் ஆன பிறகு அவருக்குத் திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. பேரன் பேத்தி எடுத்த வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது என்று வெட்கம். பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, இருட்டுக்குள் துவைத்து, வைக்கோல் போருக்குப் பின்னால் காயப்போட்டு, ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினார். நாற்றம் வந்த பிறகுதான் மகளுக்குத் தெரிந்தது. மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். 1994 தை மாசம் போய்ச் சேர்ந்தார்.

கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா என்னைத் திட்டியிருப்பீங்களாத்தா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

குழு வந்தது

தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு தொடங்கின. 1997-98-ல் மகளிர் திட்டமாக விரிந்தது. நம் பக்கம் வந்து சேர்ந்து, எங்கள் குழு 1999-ல் பதினாறு பேரோடு தொடங்கியது. வாரம் பத்து ரூபாய் சந்தா. ஆலமரத்தடியில் கூட்டம். சேமிப்பு, கடன், வசூல் எல்லாம் முடிந்தும் உடனே யாரும் எழுந்திருக்க மாட்டோம். அந்தக் கடைசி அரைமணி நேரத்தில்தான் உண்மையான பேச்சு நடக்கும். வெள்ளைப்படுதல், இடுப்புவலி, புருஷன் குடி, சிறுநீர் எரிச்சல். வீட்டில் வாயைத் திறக்காதவர்கள் அங்கே திறந்தார்கள். என் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு மரத்தடி கிடைத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

வெள்ளைத் துணியும் வினிகரும்

2001 என்று நினைவு. நம் மாவட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பெரிய மருத்துவ ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பயிற்சி பெற்ற நர்சுகள் பரிசோதித்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். எனக்கு அப்போது 33 வயது.

"நல்லா இருக்கிற உடம்ப எதுக்கு ஆராயணும்? வம்ப வெலைக்கு வாங்காத" என்றார் என் மாமியார். பத்துப் பேர் சேர்ந்துபோனால் யாரையும் தனியாகப் பேச மாட்டார்கள் என்று குழுவில் முடிவு செய்தோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. 'அனைவரும் முகாமுக்குச் செல்வது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' பதினாறு பேரில் பதினொரு பேர் போனோம்.

பரிசோதனை என்னவோ ஏதோ என்று பயந்தோம். கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு அமிலத்தைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டு வைக்கிறார்கள். ஒரு நிமிடம் பொறுக்கிறார்கள். கோளாறு உள்ள இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். வலி கிடையாது, கொஞ்சம் சுரீர் என்று இருக்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

காதில் ஒன்றும் விழவில்லை. பெரியம்மா முகம்தான் முன்னால் வந்தது. நர்சம்மா என் முழங்காலைத் தட்டி, "இது புற்றுநோய் இல்லம்மா. விட்டா பல வருஷம் கழிச்சு ஆகலாம். இப்பவே சரி பண்ணிடலாம்" என்றார். கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த இடத்தைக் குளிரவைத்து உறையவைக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். சில வாரம் நீர் மாதிரி பட்டது, பிறகு நின்றது. பைசா செலவில்லை. பேரேட்டில் வரியும் இல்லை.

அந்த ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானது. 31,000-க்கும் மேற்பட்ட நம் மாவட்டப் பெண்கள் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தது. ஒரே ஒரு தடவை, வினிகர் வைத்துப் பார்த்ததில்! நம் ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கத்துப் பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கொடுத்த சாட்சியம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. 2007-ல் தேனி, தஞ்சாவூரில் அரசு இந்தப் பரிசோதனையைத் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் 114 ஊர்த் தொகுப்புகள். குலுக்கல் மாதிரிப் பிரித்ததில் 57-க்குப் பரிசோதனை, மீதி 57-க்கு அப்போது இருந்த வழக்கமான வைத்தியம். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்து 57-ஐ நினைத்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது. எங்கள் ஊர் இந்தப் பக்கம் விழுந்தது என் அதிர்ஷ்டம். இன்றைக்குக் குலுக்கல் இல்லை. எல்லா ஊருக்கும் உண்டு. போகாமல் இருப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிற குறை.

துணியிலிருந்து நாப்கின் வரை

மாதவிலக்குத் துணியைப் பற்றிப் பேசவே கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். மறைத்து, ஈரம் காயாத இடத்தில் போட்டதால்தான் அரிப்பும் புண்ணும் வந்தது. துணியில் தப்பில்லை, வெயில் படாததுதான் தப்பு. கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் குறைந்த விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியபோது பல குழுக்கள் அதை வாங்கித் தொழிலாகச் செய்தன. அவருக்கு 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வந்தது. என் பேத்தி கடையில் நின்று உரக்கக் கேட்டு வாங்குகிறாள். எனக்கு இன்னும் கூச்சம்தான். ஆனால் சந்தோஷமான கூச்சம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் யார்? நம் குழுப் பெண்கள்தான். நர்சம்மாவைக் கண்டு கொல்லைப்புறம் ஓடிய பெண்களின் மகள்கள், இன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து "பெரியம்மா, கைய நீட்டுங்க" என்கிறார்கள். வரலாறு என்றால் எனக்கு இதுதான்.

நாம் செய்ய வேண்டியது

வரலாறு படித்து மூடி வைப்பதற்கு அல்ல. நான் பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 

1. 30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, பிரஷர், சுகர் நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய்க்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஒன்றும் இல்லை என்று தோன்றும்போதுதான் போக வேண்டும்.

2. தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், சேர்க்கைக்குப் பிறகு ரத்தம் பட்டாலும், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள்.

3. கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் உடனே கடன் மனு எழுதாதீர்கள். அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

4. சத்து மாத்திரையைச் சாப்பிட்டதும் டீ குடிக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை வீட்டில் ஆம்பிளைகளுக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுவதைத் தியாகம் என்று சொல்லாதீர்கள்.

5. காட்டு வேலைக்கும் வெளிக்கும் போகும்போது செருப்புப் போடுங்கள். கொக்கிப்புழு வெறும் காலில் ஏறி ரத்தத்தை உறிஞ்சும்.

6. ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், சிறுநீரை அடக்குவதும் நம் எல்லோர் பழக்கம். எரிச்சலும் காய்ச்சலும் அதில்தான் ஆரம்பிக்கிறது. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

7. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதையும் சேர்த்துத்தான். பிரஷர் மாத்திரையை 'நல்லா இருக்கேன்' என்று நாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறோம்.

8. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நர்சம்மாவிடம் கேளுங்கள். நம் பேத்திகள் காலத்தில் இந்த நோயின் பெயரே தெரியாமல் போக வேண்டும்.

ஒரு கோரிக்கை

நம் கூட்டமைப்பின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். ஒவ்வொரு குழுவின் வருகைப் பதிவேட்டிலும் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போடுவோம். 'கடைசியாகப் பரிசோதனைக்குப் போன தேதி' என்று. முடிவு என்ன என்று எழுதக் கூடாது, அது அவரவர் சொந்த விஷயம். தேதி மட்டும் போதும். கட்டம் காலியாக இருக்கிற சகோதரியை, கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "வாக்கா, வெள்ளிக்கிழமை சேர்ந்து போவோம்" என்று கூப்பிடுவோம். வசூலுக்குத் தவணை தவறினால் வீட்டுக்கே போய்க் கேட்கிற நாம், இதற்கும் போய்க் கேட்கலாம்.

அன்று பதினாறு பேரில் வராத ஐந்து பேரை நாங்கள் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. 'அவுங்க விருப்பம்' என்று விட்டுவிட்டோம். அதில் ஒருத்தி இன்று இல்லை. அவள் கையெழுத்து அந்தத் தீர்மானத்துக்குக் கீழே நீல மையில் அப்படியே இருக்கிறது. தீர்மானம் போட்டால் மட்டும் போதாது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டும் என்பதை அந்தக் கையெழுத்து எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த மலர் வரும்போது, அந்தப் புதுக் கட்டம் எல்லாப் பதிவேட்டிலும் நிரம்பியிருந்தது என்று நம்மில் இளையவள் ஒருத்தி எழுத வேண்டும். அதைப் படிக்க நானும் இருக்க வேண்டும். நீங்கள் எல்லோரும் இருக்க வேண்டும்.